கூலி நோட்டில் இருந்த பெயர்கள்

முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே சைக்கிள் மிதித்தால் கோட்டக்குப்பம். அதைத் தாண்டிப் பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால் மேடு ஏறும். இன்று அந்த மேட்டுக்குப் போகிறவர்கள் மரநிழலிலேயே போய் மரநிழலிலேயே திரும்புகிறார்கள். நான் பையனாக இருந்த காலத்தில் அங்கே நிழல் என்றால் பனைமரத்து நிழல்தான். செம்மண் பிளந்து, ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் பறித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பள்ளங்கள் வழியாக மண்ணை வாரிக்கொண்டு கடலுக்கு ஓடும். மறுநாள் காலையில் கரையோரத் தண்ணீர் சிவந்து போயிருக்கும். மேட்டு ஊர்க்காரர்கள் கம்பும் கேழ்வரகும் மல்லாட்டையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் கதையை அந்தப் பக்கத்தில் சொல்லாதவர் இல்லை. கடுவெளிச் சித்தர் அரச மரத்தடியில் தவம் இருந்தார், மழை பொய்த்தது. ராஜா ஆள் அனுப்பித் தவத்தைக் கலைத்தார். பிறகு கோயில் விழாவில் தாசி வள்ளியின் காற்சிலம்பு கழன்று விழ, ஆட்டம் நிற்கக் கூடாதென்று சித்தரே அதை எடுத்து அவள் காலில் மாட்டினார். கூட்டம் சிரித்தது. சித்தர் கோபத்தில் லிங்கம் மூன்றாக வெடித்தது, சுற்றிலும் நிலம் பாலையாகப் போயிற்று. மனமிரங்கியபின், தூர தேசத்து ஜனங்கள் வந்து இந்த மண்ணைப் பச்சையாக்குவார்கள் என்றாராம். காடு அழிந்த விதம் வேறு. விறகுக்கும் வீட்டுக்கும் வெட்டினார்கள், வெட்டிய இடத்தில் ஆடு மேய்த்தார்கள், மேய்ந்த இடத்தை மழை அறுத்துக்கொண்டு போனது. ஆனால் பிற்பாடு வெள்ளைக்காரர்கள் மண்வெட்டி பிடித்து நின்றபோது அந்த ஊர்க் கிழவிகள் அவர்களை ஏற்றுக்கொண்டது இந்தக் கதையால்தான். அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அந்த மேட்டில்தான் ஆரோவில் எழுந்தது. எழுந்ததையும், இரண்டாகப் பிளந்ததையும், அரசாங்கத்தின் கைக்குப் போனதையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். உள்ளே குடியேறியவன் அல்ல. குடியேறியவர்கள் பல மொழிகளில் தங்கள் நினைவுகளை எழுதியிருக்கிறார்கள். கூலி நோட்டைக் கையில் வைத்திருந்தவன் கண்டதும் ஏட்டில் ஏற வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறியபோது எனக்கு மூன்று வயது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அதற்கிடையே கலவைக் கல்லூரியில் நாலு எழுத்து பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். அப்பா தறிக்காரர். ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தைப் பற்றி எங்கள் வீட்டில் மரியாதை இருந்தது, நெருக்கம் இல்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே அவர்கள், மேற்கே நாங்கள். 1965 பிப்ரவரி 11 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வேளையில், ஆசிரமத்துக் கட்டடங்கள் மேல் கல் விழுந்தது, தீயும் வைத்தார்கள். எங்கள் தெருவில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊருக்குள்ளேயே நாற்பது வருஷம் வாழ்ந்தும் ஊரோடு ஒட்டாமல் போன ஒரு கூட்டம், ஊர் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அன்று ஒரே நாளில் தெரிந்துகொண்டது.

மதர் என்று ஊர் அழைத்த ஆசிரமத்து அன்னை, மிர்ரா அல்பாசா, 1878ல் பாரிசில் பிறந்தவர். அப்பா துருக்கி யூதர், அம்மா எகிப்து யூதர். எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத ஒரு நகரம் வேண்டும் என்ற அவர் எண்ணம் அறுபதுகளின் நடுவில் செயலுக்கு வந்தது. ஸ்ரீஅரவிந்தர் சொசைட்டி மேட்டில் நிலம் வாங்கத் தொடங்கியது. 1966ல் யுனெஸ்கோ அந்தத் திட்டத்தை வரவேற்றுத் தீர்மானம் போட்டது. எங்கள் ஊர் டீக்கடைகளில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள்: கல்லு மேட்டைக் காசு கொடுத்து வாங்கறாங்களே, எதுக்கு?

1968 பிப்ரவரி 28. புதுச்சேரியிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் போனார்கள். ஏறத்தாழ 5,000 பேர். பொட்டல் நடுவில் ஒற்றை ஆலமரம், கொஞ்சம் தள்ளித் தாமரை மொட்டு வடிவில் ஒரு சலவைக்கல் தாழி. 124 நாடுகளின் பிள்ளைகளும் இந்திய மாநிலங்களின் பிள்ளைகளும் தத்தம் மண்ணில் ஒரு பிடி கொண்டுவந்து அதில் போட்டார்கள். தொண்ணூறு வயது அன்னை வரவில்லை. ஆசிரமத்து அறையிலிருந்தே ஆரோவில் சாசனத்தை வாசித்தார். அந்தக் குரலை வானொலி நேரடியாகக் கொண்டுவந்தது. முதலில் பிரெஞ்சில்தான் வந்தது. எனக்குப் புரிந்தது. பக்கத்தில் தலைத்துண்டோடு நின்ற குயிலாப்பாளையத்துப் பெரியவர் என்னைப் பார்த்து, "என்னா தம்பி சொல்றாங்க?" என்றார்.

"இந்த இடம் யாருக்கும் தனியாச் சொந்தமில்லையாம். மனுஷங்க எல்லாருக்கும் பொதுவாம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம மேய்ச்சலு?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெரியவர் கேட்டதை விட முக்கியமான கேள்வி அன்று அந்த மேட்டில் எழவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் பாரிசிலிருந்து தரை வழியாகவே வண்டி ஓட்டிக்கொண்டு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. ஆஸ்பிரேஷன் என்ற இடத்தில் கீற்றுக் குடிசைகள் எழுந்தன. வேறு சிலர் பள்ளத்தாக்கு ஓரங்களில் ஒண்டிக் குடிசை போட்டார்கள். 1971ல் மாத்ரி மந்திர் என்ற தியான மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த வருஷம்தான் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. பிரெஞ்சில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும், சாயங்காலம் கூலி நோட்டு எழுத வேண்டும்.

கரை போடும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய காடு நிற்பது அதன் மேல்தான். முதலில் டியூப் மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் ஆள் பிடித்துக்கொண்டு, ஒரே மட்டத்தில் இருக்கும் இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போவார்கள். குச்சிகளைச் சேர்த்தால் கோடு பாம்பு போல வளைந்து போகும். அந்தக் கோட்டின் மேல்பக்கம் வெட்டி, கீழ்ப்பக்கம் மண்ணைப் போட்டுக் கரை கட்ட வேண்டும். ஆண்கள் கடப்பாரை போடுவார்கள். வெயிலில் இறுகிய செம்பூராங்கல் மேல் கடப்பாரை விழுந்தால் கை முழங்கை வரை அதிரும். பெண்கள் கூடையில் அள்ளிக் கொட்டி, காலால் மிதித்து இறுக்குவார்கள். பள்ளம் பறித்த இடங்களில் கல்லும் மண்ணும் வைத்துத் தடுப்பு. மழைக்கு முன்னால் முடிக்காவிட்டால் முதல் மழையே எல்லாவற்றையும் கொண்டுபோகும்.

எடையஞ்சாவடியைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். எழுத்து தெரியாது. மட்டம் பிடித்துப் போட்ட கோட்டைப் பார்த்து, "இங்க தண்ணி நிக்காது, அந்தத் துண்டுல உடைச்சுக்கும்" என்று ஒரு நாள் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தேன். பொறுப்பில் இருந்த ஜெர்மானிய இளைஞர் குழாயைக் காட்டி மட்டம் சரி என்றார். அந்த வருஷ மழையில் அம்மா சொன்ன இடத்தில்தான் கரை உடைந்தது. மறுநாள் காலையில் அந்த இளைஞர் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்கே நடந்துபோய், இனி எங்கே கரை வர வேண்டும் என்று கேட்டார். ஆரோவில்லைப் பற்றி எனக்கு இருக்கும் அன்புக்கெல்லாம் அந்த நடைதான் வேர்.

கன்று வைத்தபின் காவல் பெரும்பாடு. மேய்ச்சல் போன ஆடுகளுக்கு இளம் தளிரைவிட இனிப்பானது ஏது? முள் வைத்தும் ஆடு புகுந்தது. ஆட்டுக்காரர்களுக்கும் நட்டவர்களுக்கும் வாய்ச்சண்டை, சில நாள் கைச்சண்டை. இரண்டு பக்கமும் நான்தான் போய் நின்றேன். மேய்க்க வேறு இடம் எங்கே என்று அவர்கள் கேட்டதும் நியாயம், மூன்று வருஷம் பொறுத்தால் புல் வரும் என்று இவர்கள் சொன்னதும் நியாயம். கரையானுக்குத் தப்பியது, கோடைக்குத் தப்பியது, ஆட்டுக்குத் தப்பியது என்று மிஞ்சியவை வேர் பிடித்தன. முதலில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வகை வேல மரம். எந்த மண்ணிலும் வளர்ந்து நிழலும் சருகும் தரும். அதற்கு வொர்க் ட்ரீ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் நிழலில் பிறகு நம் ஊர் மரங்கள் வந்தன. காயா, வீரை, கருங்காலி, மகிழம். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற இடங்களில் சாமிக்குப் பயந்து ஜனங்கள் வெட்டாமல் விட்ட மரங்களே விதை கொடுத்தன. எந்த விதை எப்போது பழுக்கும், எதை ஊறப்போட வேண்டும் என்பதைச் சொன்னவர்கள் ஊர்ப் பெண்களும் நாட்டு வைத்தியர்களும்.

அந்த நாட்களில் இஸ்ரேலிலிருந்து ஒரு பையன் வந்து சில மாதம் எங்களோடு வேலை செய்தான். கிப்புட்ஸில் பிறந்து வளர்ந்தவன். கூலி நோட்டைப் பார்த்து, "இவங்க எல்லாரும் இங்க உறுப்பினர்களா?" என்று கேட்டான். இல்லை, பக்கத்து ஊர்க்காரர்கள், நாள் கூலி என்றேன். அவன் முகம் மாறியது. அப்புறம்தான் விளக்கினான். கலிலேயாக் கடலின் தெற்குக் கரையில் உம் ஜூனி என்ற இடத்தில், 1910ல், பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து டெகானியா என்ற முதல் கிப்புட்ஸைத் தொடங்கினார்கள். சொத்து பொது, சமையல் பொது, முடிவு கூட்டத்தில். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: தன் நிலத்தில் தானே பாடுபட வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. ஸ்ரீஅரவிந்தர் புதுச்சேரிக்கு வந்து இறங்கியதும் அதே 1910 தான், ஏப்ரல் மாதம்.

அவன் சொன்னது என்னை விட்டுப் போகவே இல்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்த விதியைக் கிப்புட்ஸுகளும் கடைசிவரை காப்பாற்றவில்லை. தொழிற்சாலை வந்தபோது கூலி ஆளும் வந்தார். எண்பதுகளில் கடன் கழுத்தை நெரித்தது. டெகானியாவே 2007ல் ஆளுக்கு ஆள் வேறு சம்பளம் என்ற முறைக்கு மாறியது. நிலத்தில் முன்பு உழுதவர்கள் யார் என்ற கேள்வி அங்கே ரத்தத்தோடு கலந்தது. ஆனால் யார் உழைக்கிறார், யார் உறுப்பினர் என்ற இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர்கள் ஆரம்பத்தில் எழுதியாவது வைத்தார்கள். ஆரோவில் முதல் நாளிலிருந்தே கூலிக்கு ஆள் வைத்தது. அதனால் எங்கள் மேட்டு ஊர்களில் அடுப்பு எரிந்தது, மறுக்கவில்லை. பஞ்சத்தில் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தவர்கள் போகாமல் இருந்தார்கள். ஆனாலும் ஒரே கரையை மிதித்த இரண்டு பேரில் ஒருவர் நகரத்தை உண்டாக்கியவராகவும் மற்றவர் நோட்டில் ஒரு வரியாகவும் ஆனது அந்த முதல் நாளில்தான்.

1973 நவம்பர் 17 அன்று அன்னை மறைந்தார். எல்லாரையும் ஒன்றாக வைத்திருந்தது அவர் ஒருவரின் சொல். அது போனதும், நிலமும் பணமும் தன் பெயரில் வைத்திருந்த சொசைட்டிக்கும் மேட்டில் வாழ்ந்தவர்களுக்கும் வழக்கு மூண்டது. 1975ல் வாழ்ந்தவர்கள் தாங்களே தனிச் சங்கம் பதிவு செய்யப் போனார்கள். நாட்டில் நெருக்கடி நிலை. போலீஸ் வந்தது, சிலர் கைதாகிச் சிறைக்கும் போனார்கள். பணம் நின்றது. 1976ல் பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கத் தூதர்கள் தலையிட்டு உதவி அனுப்ப வேண்டிய அளவுக்குச் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. மேட்டு ஊரின் மளிகைக்கடைக்காரர் ஒருவர் அரிசியைக் கடனுக்கு அளந்துபோட்டார். எப்போ வரும் என்று அவர் கேட்கவில்லை.

அந்த வருஷங்களில் நான் கண்டதில் என்னை வாட்டியது ஒன்று. எங்கள் ஆட்களைச் சிலர் இந்தப் பக்கம் கூப்பிட்டார்கள், சிலர் அந்தப் பக்கம். அண்ணன் ஒரு தரப்புக்கு வேலை செய்தான், தம்பி மற்றத் தரப்புக்கு. இரண்டு தரப்பும் மனித ஒற்றுமை பேசியது. குயிலாப்பாளையத்தில் ஒரே திண்ணையில் உட்கார்ந்தவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள். வேலை நின்ற மாதங்களில் கூலி நோட்டில் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்க, கன்றுகளுக்கு மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. சொன்னேனே, அந்த எடையஞ்சாவடி அம்மா, அவரும் இன்னும் சில பெண்களும் கூலி பேசாமலே குடம் தூக்கினார்கள். கேட்டதற்கு, "நாம வெச்சது காயலாமா?" என்றார்.

வழக்குக்கு முடிவு டெல்லியிலிருந்து வந்தது. 1980 நவம்பரில் அவசரச் சட்டம், பிறகு பாராளுமன்றத்தின் சட்டம். நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. சொசைட்டி தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1982ல் தீர்ப்பு: ஸ்ரீஅரவிந்தரின் போதனை மதம் அல்ல, தத்துவம். ஆகவே அரசு கையில் எடுத்தது மத உரிமையில் தலையிட்டதாகாது. மேட்டில் அன்று ஆனந்தம். 1988ல் நிரந்தரமாக ஆரோவில் பவுண்டேஷன் சட்டம் வந்தது. அரசு நியமிக்கும் ஆட்சிக்குழு, வாழ்வோர் அவை, சர்வதேச ஆலோசனைக் குழு என மூன்று அமைப்புகள். முதல் ஆட்சிக்குழுவுக்குக் கரண் சிங் தலைவர். நல்லவர்கள் நாற்காலியில் இருந்தவரை சட்டத்தின் கூர்மை தெரியவில்லை.

நான் அன்று சந்தோஷப்பட்டவன்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இவ்வளவு காலம் கழித்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள முடியாத வழக்கை வெளியே கொண்டுபோன அன்றே தங்கள் மேல் ஓர் அதிகாரத்தை உட்காரவைத்துவிட்டார்கள். காப்பாற்ற வந்த கை அது. காப்பாற்றியும் கொடுத்தது. எப்போது விலக வேண்டும் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

இடைப்பட்ட முப்பது வருஷங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். 2008ல் மாத்ரி மந்திர் முடிந்தது, பொன்தகடு பதித்த கோளத்தைப் பார்க்கப் பஸ் வைத்து வந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வந்தன. மேட்டு ஊர்க்காரர்களில் பலர் ஆரோவில்வாசிகளாகவே ஆனார்கள். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். நிலத்தின் விலை மட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து முதல் தலைமுறை வேல மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. நம் நாட்டு மரங்கள் அவற்றை விட நன்றாகத் தாங்கின.

2021 டிசம்பரில் ஜேசிபி வந்தது. கிரவுன் என்ற வட்டச்சாலைக்காக இளைஞர் மையத்தின் அருகே மரங்களைத் தள்ளினார்கள். குறுக்கே பிள்ளைகள் நின்றார்கள். ஆளுநர் ஆர்.என்.ரவி தலைமையிலான ஆட்சிக்குழு அன்னையின் நகரத் திட்டத்தை நிறைவேற்றுகிறோம் என்றது. 50,000 பேருக்கென்று ரோஜெர் ஆன்ஜே என்ற கட்டடக் கலைஞர் வரைந்த திட்டம், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அங்கே வாழ்வோர் 3,300 அளவில். சாலை வேண்டும் என்ற ஆரோவில்வாசிகளும் இருந்தார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது.

சாலை வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு: கரையைக் கலைக்காமல் வளைத்துப் போட்டிருக்கலாம். அந்தக் கோடு எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் திட்டம் போட்ட மேசையில் இருந்திருந்தால் வளைத்திருப்பார்கள். ஆட்சிக்குழுவிலும் அவர்கள் இல்லை, வழக்குப் போட்டவர்களிலும் இல்லை. கன்று வைத்த கைகளை ஒருவரும் கேட்கவில்லை. ஆரோவில்லின் குறை என்று நான் சொல்வது இது ஒன்றுதான். யார் உழைக்கிறாரோ அவர் பேசவும் வேண்டும்.

என்னிடம் இருந்த கூலி நோட்டுகளில் சில கரையான் தின்றுபோயின, சில இன்னும் இருக்கின்றன. அவற்றில் உள்ள பெயர்களை அவரவர் குடும்பத்தாரைக் கேட்காமல் இங்கே எழுதுவது முறையாகாது. ஆனால் குயிலாப்பாளையத்திலும் எடையஞ்சாவடியிலும் கோட்டக்கரையிலும் ஆலங்குப்பத்திலும் பொம்மையாபாளையத்திலும் எண்பதைத் தாண்டிய பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பள்ளத்தில் எப்போது தடுப்பு வைத்தார்கள், எந்த மரத்துக்கு எங்கிருந்து விதை வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பேரப்பிள்ளைகளே, உங்கள் கையில் போன் இருக்கிறது. இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துவையுங்கள்.